இரு எசமானர் ஆண்ட தீவு

(மாத்தளையில் தமிழ்த் தொழில் வல்லுநரும் உழவரும் தோட்டத் தொழிலாளரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை.)

மிளகுக் கொடியையும் வயலையும் விட்டு வந்திருக்கும் உழவர் பெருமக்களே, ஒருநாட் கூலியை இழந்து தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் தோழர்களே!

சரித்திரம் பேசுமாறு எம்மை அழைத்திருக்கிறீர்கள். வழக்கறிஞன் சரித்திரம் பேசினால் அது வழக்குப் பேசுவது போலத்தான் அமையும். சொத்து யாருடையது, வரியை வாங்கியவன் யார், வாங்கியவன் பதில் சொல்லக் கட்டுப்பட்டவனா என்று கேட்பதே எமது தொழில். அந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டே இத்தீவின் பழைய ஏடு ஒன்றைப் புரட்ட விரும்புகிறோம். அதிகம் பேசப்படாத ஏடு அது. நான்கு ஆண்டுகள்கூட நிரம்பாத ஓர் ஆட்சியின் கதை.

அதற்கு முன் உங்களுக்கெல்லாம் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். இந்த மாவட்டத்து வயல்களில் ‘தட்டுமாறு’ என்ற வழக்கம் உண்டு. ஒரு வயலுக்குப் பங்காளிகள் பலராகி, பிரித்தால் ஒருவர் பங்கு ஓர் ஏர் திரும்பவும் போதாது என்ற நிலை வரும்போது, இந்த ஆண்டு இவர், அடுத்த ஆண்டு அவர் என்று முறைவைத்து விதைப்பார்கள். முறை தெளிவாக இருக்கும்வரை அது நல்ல வழக்கமே. முறை குழம்பினால் என்ன நடக்கும்? நெல்லுக்கு எல்லோரும் வருவார்கள். வரம்பு கட்டுவதற்கு ஒருவரும் வரமாட்டார். பங்குக் கிணறு தூர்ந்துபோவது தண்ணீர் இல்லாமையால் அன்று, அதை இறைப்பது தன் கடமை என்று எவனும் எண்ணாமையால். பிரிவினை வழக்கு நடத்திய எவருக்கும் இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

உரோமச் சட்டத்தில் கூட்டுடைமைக்குக் ‘கொண்டொமினியம்’ என்று பெயர். சர்வதேசச் சட்ட நூலோர் அச்சொல்லையே எடுத்து, இரண்டு அரசுகள் ஒரு நிலத்தைக் கூட்டாக ஆளும் முறைக்குச் சூட்டினார்கள். வயலுக்கு வந்தால் வரப்பு உடையும். நாட்டுக்கு வந்தால் என்ன உடையும் என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

1795ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் பிரஞ்சுப் படை ஒல்லாந்தைக் கைப்பற்றியது. ஒல்லாந்தின் அதிபராக இருந்த ஒரேஞ்சு இளவரசர் இங்கிலாந்துக்குத் தப்பியோடி, கியூ என்னும் இடத்திலிருந்து, ஒல்லாந்தக் குடியேற்றங்களை ஆங்கிலேயரின் பாதுகாப்பில் ஒப்படைக்குமாறு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு, சென்னையிலிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனியின் படை புறப்பட்டது. 1795 ஆகஸ்டில் திருகோணமலை விழுந்தது. செப்டெம்பரில் யாழ்ப்பாணம். 1796 பெப்ரவரியில் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் ஆங்கெல்பெக் கொழும்பை ஒப்படைத்தார். போரிடுவதற்கென்று வைத்திருந்த சுவிற்சர்லாந்துக் கூலிப்படையான டி மியூறன் படையையே ஆங்கிலேயர் விலைபேசித் தம்பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு, அவர் வேறென்ன செய்வார்?

பாதுகாப்புக்கு வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பவர் உலகில் அரியர். எனினும் அந்நாளில் இலண்டனிலிருந்த அமைச்சர்களுக்கு உள்ளூர ஓர் ஐயம் இருந்தது. ஒல்லாந்தரோடு சமாதானம் வந்தால் இத்தீவைத் திருப்பிக் கொடுக்க நேரலாம் என்பதே அது. திரும்பக் கொடுக்கக்கூடிய வீட்டுக்கு எவன் கூரை வேய்வான்? ஆதலின் படையெடுப்புக்குப் பணம் செலவிட்ட கும்பனியிடமே கரையோரப் பிரதேசங்கள் விடப்பட்டன. சென்னை ஆளுநரின் கீழ், றொபேட் அன்ட்றூஸ் என்னும் அதிகாரி இறைவரி மேற்பார்வையாளராக இங்கு அமர்ந்தார்.

அவர் செய்ததை உழவர் பெருமக்கள் ஊன்றிக் கேட்கவேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் பணிக்கு ஈடாக நிலம் அனுபவித்தவர்கள் பலர். அப்பணி முறையை அவர் ஒரே வீச்சில் நீக்கினார். நீக்கியது நல்லதுதானே என்பீர்கள். நீக்கிய கையோடு அந்நிலத்தின் விளைவிற் பாதியை வரியாகக் கேட்டார். தென்னை மரங்களுக்குத் தலைக்கு வரி என்றார். வரி வசூலிக்க நாட்டு முதலிமாரை விலக்கிவிட்டு, சென்னையிலிருந்து அமுல்தார்களையும் துபாஷிகளையும் கொண்டுவந்தார். வரிக்குத்தகை எடுத்தவன், தான் கொடுத்ததற்கு மேலாக எவ்வளவு பிழியலாம் என்று பார்ப்பானேயன்றி, அடுத்த ஆண்டு மரம் காய்க்குமா என்று பார்ப்பானா?

அந்தத் துபாஷிகளும் அமுல்தார்களும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களே என்பதை மறைக்கவேண்டிய அவசியம் எமக்கில்லை. அவர்கள் வந்தது தமிழருக்காக அன்று, தமது குத்தகைக்காக. யாழ்ப்பாணத்துத் தமிழனும் அவர்களிடம் அகப்பட்டுத் துன்புற்றான், களனிக் கரைச் சிங்களவனும் துன்புற்றான். 1797ஆம் ஆண்டில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். படை கொண்டு அடக்குவதே பெரும்பாடாயிற்று. டி மியூறன் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது, தென்னை வரி நீங்கிற்று, முதலிமார் மீண்டனர்.

இந்தச் செய்தி இலண்டனுக்கு எட்டியபோது, வணிகர் கூட்டத்திடம் ஒரு நாட்டை ஒப்படைத்தது தவறு என்று அமைச்சர்கள் உணர்ந்தார்கள். ஆயின் கும்பனியை முற்றாக விலக்கவும் துணிவில்லை. அதற்குப் பாராளுமன்றத்திற் செல்வாக்கு இருந்தது. செலவிட்ட பணத்துக்கு ஈடு கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக இங்கே கறுவா இருந்தது, மன்னார்க் கடலில் முத்து இருந்தது. ஆகவே நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தேசாதிபதியை முடி நியமிக்கும். கும்பனியும் ஆட்சியிற் பங்குகொள்ளும். 1798 ஒக்டோபரில் பிரெடெரிக் நோர்த் கொழும்பில் வந்திறங்கினார். அன்று தொடங்கியதே இலங்கையின் இரட்டை ஆட்சி.

ஏட்டில் அது அழகாகத்தான் இருந்தது. நடைமுறையிலோ, நோர்த்துக்குப் பதவியைக் கொடுத்தவர் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர். கட்டளை அனுப்பியவர்கள் இலண்டனிற் கும்பனிப் பணிப்பாளர்களும் கல்கத்தாவில் மகாதேசாதிபதி வெல்லெஸ்லியும். அவருக்குக் கீழ்ப் பணிபுரிந்த அலுவலர்கள் சென்னைச் சிவில் சேவையினர். அவ்வலுவலரின் பதவி உயர்வும் எதிர்காலமும் சென்னையில் இருந்தன. நாளை தன்னை உயர்த்தப் போகிறவனையல்லவா ஊழியன் பார்ப்பான்? தேசாதிபதியின் உத்தரவைத் தட்டிக்கழிப்பதும், அவர்மீது சென்னைக்கு முறையிடுவதும் அவர்களுக்கு வழக்கமாயிற்று. அன்ட்றூசும் அவருடைய தோழர்களும் நோர்த்தோடு மோதினார்கள். டி மியூறன் படையை விலைபேசிக் கொடுத்த ஹியூ கிளெகோர்ன், தலைமைச் செயலாளராக வந்து, முத்துக்குளிப்புப் பற்றிய குற்றச்சாட்டுகளுக்கிடையே நோர்த்தோடு பகைத்துக்கொண்டு வெளியேறினார். முத்தோ, 1796 முதல் மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்துக் குளிக்கப்பட்டது. தரிசு விடாமல் விதைத்த வயலின் கதி அந்தப் பார்களுக்கும் நேர்ந்தது.

செலவு மிகுந்தது, வருவாய் போதவில்லை. 1800ஆம் ஆண்டில் நோர்த் புதியதொரு வரி கண்டார். நகை அணிவதற்கு வரி! தென்னையை விட்டுத் தாலிக்கொடிக்கு வந்தார்கள் என்று அக்காலத்துப் பெண்கள் சபித்திருப்பார்களேயானால் அவர்களைக் குறைகூற முடியாது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் குழப்பத்தினிடையேதான், 1799 செப்டெம்பர் 23ஆம் நாள், ஒல்லாந்தர் காலத்தில் நிலவிய சட்டங்களின்படியே நீதி வழங்கப்படும் என்ற பிரகடனம் வெளியாயிற்று. இன்றும் இந்நாட்டு நீதிமன்றுகளில் உரோம ஒல்லாந்தச் சட்டம் பேசப்படுவதற்கும், எம்போன்றோர் அதனாற் பிழைப்பதற்கும் அந்தப் பிரகடனம் ஓர் ஆதாரம். 1801ஆம் ஆண்டுப் பட்டயம் உயர் நீதிமன்றை அமைத்தது. இரட்டை ஆட்சியில் எஞ்சி நின்றது சட்டம் ஒன்றே என்று சொல்லி எமது தொழிலுக்குப் பெருமை தேடிக்கொள்ளலாம்.

1802 சனவரி முதலாம் நாள் இரட்டை ஆட்சி முடிந்து, இலங்கைக் கரையோரம் முடிக்குரிய குடியேற்றமாயிற்று. அவ்வாண்டு மார்ச்சில் ஏமியன் உடன்படிக்கை அதனை உறுதிப்படுத்திற்று. ஆனால் கறுவாவைக் கும்பனி விட்டுவிடவில்லை. ஒப்பந்தம் ஒன்றின் மூலம் பின்னும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவ்வணிகத்தைத் தன்கையில் வைத்திருந்தது.

அப்போது மாத்தளை எங்கிருந்தது என்று கேட்பீர்கள். மாத்தளை கண்டி மன்னனுடையது. எனினும் இரட்டை ஆட்சிக் காலத்தில் மூண்ட நெருப்பு இவ்வூரையும் தொட்டது. இந்தியாவில் வெல்லெஸ்லி சுதேச மன்னர்களைத் துணைப்படை ஒப்பந்தங்களால் வளைத்ததைப் பார்த்த நோர்த், அதே கண்ணியைக் கண்டிக்கும் வைத்தார். 1800இல் மக்டோவலைத் தூது அனுப்பினார். பிலிமத்தலாவை மகா அதிகாரியோடு மறைவாகப் பேசினார். 1803இல் அது போராகவே வெடித்தது. கொழும்பிலிருந்து மக்டோவல் ஒரு படையோடு ஏறினார். திருகோணமலையிலிருந்து பாபட் என்பவர் மற்றொரு படையோடு மாத்தளை வழியாக வந்தார். கண்டி வெறுமையாகக் கிடந்தது. முத்துசாமி என்னும் நாயக்க இளவரசரை அரியணையில் ஏற்றினார்கள். சூன் 24ஆம் நாள் மேஜர் டேவியின் படை சரணடைந்து, பின்னர் அழிந்தது, முத்துசாமியும் கொல்லப்பட்டார். மாத்தளையிற் கட்டிய மக்டோவல் கோட்டையிலிருந்தவர்கள் திருகோணமலைக்குத் தப்பியோடினார்கள். அக்கோட்டையின் வாயில் இன்றும் இந்நகரத்து மயானத்தின் முகப்பில் நிற்கிறது. நாள்தோறும் அதைக் கடந்து போகிறவர்கள் ஒருமுறையேனும் நின்று பார்க்கவேண்டும்.

இரு எசமானர் போய் ஓர் எசமானர் வந்ததால் நாடு செழித்ததா என்றால், செழிக்கவில்லை. 1848ஆம் ஆண்டை மாத்தளை மக்களுக்கு நாம் நினைவூட்டத் தேவையில்லை. தொறிங்டன் பிரபு துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்றார். தெருவேலைக்கு ஆறு நாள் உழைப்பு என்றார். தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா முடிசூடிக்கொண்டார். வீர புரன் அப்பு ஆகஸ்டு 8ஆம் நாள் சுடப்பட்டார். பிக்கு ஒருவர் சீவர ஆடையோடே சுடப்பட்டார். கொடுமையில் 1848 எதற்கும் குறைந்ததன்று. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 1848இற் செய்தவன் பெயர் தெரிந்தது. பாராளுமன்றம் 1849இல் தெரிகுழு அமைத்து விசாரித்தது. 1850இல் தொறிங்டன் திருப்பியழைக்கப்பட்டார். இறந்தவர் மீளவில்லைதான், ஆயினும் முறையீட்டுக்கு ஒரு முகவரி இருந்தது. 1797இல் அந்த முகவரி எது? கொழும்பா, சென்னையா, கல்கத்தாவா, இலண்டனில் முடியா, கும்பனியா? எமது வாதம் ஓர் எசமானர் நல்லவர் என்பதன்று. இருவர் ஆளுமிடத்தில் வரிக்கு இருவர் வருவர், பதிலுக்கு ஒருவரும் வரார் என்பதே.

வங்காளம் இதை நமக்கு முன்பே அனுபவித்தது. 1765இற் கிளைவ் வரி வாங்கும் உரிமையைக் கும்பனிக்கு எடுத்துக்கொண்டு, நிருவாகப் பழியை நவாபிடம் விட்டார். 1770இற் பஞ்சம் வந்தது. மக்கள் இலட்சம் இலட்சமாக மடிந்தார்கள்.

கூட்டாட்சியின் கலப்பற்ற உருவத்தைக் காண வேண்டுமானால் பசிபிக் மாகடலுக்குப் போகவேண்டும். நியூ ஹெப்ரிடீஸ் என்று கப்பித்தான் குக் 1774இற் பெயரிட்ட தீவுக்கூட்டம் அது. அங்கிருந்து ஆட்களைப் பிடித்துக் குயீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். அக்காலத்திலேதான் நம் முன்னோரும் மன்னாரில் இறங்கி, தம்புள்ளைக் காட்டு வழியாக நடந்து, வாந்திபேதிக்கு வழியெல்லாம் பிணங்களை விட்டு, மாத்தளைக் கோப்பித் தோட்டங்களை வந்தடைந்தார்கள்.

1906இற் பிரித்தானியாவும் பிரான்சும் அத்தீவுகளைக் கூட்டாக ஆள உடன்பட்டன. இரண்டு ஆணையாளர், இரண்டு பொலிசு, இருவகைச் சிறை, இருவகைப் பள்ளிக்கூடம், இருவர் சட்டம். பிரித்தானியனும் பிரஞ்சுக்காரனும் அல்லாத வெளிநாட்டான் எந்தச் சட்டம் வசதியோ அதைத் தெரிந்துகொள்ளலாம். இருவரும் முரண்பட்டால் தீர்ப்பதற்குக் கூட்டு நீதிமன்று. அதன் தலைவரை நியமிப்பவர் ஸ்பானிய மன்னர்! தலைநகரில் இரண்டு கொடிகளும் ஒரே உயரத்திற் பறக்கின்றனவா என்று அளந்து பார்ப்பார்களாம். ‘கொண்டொமினியம்’ என்பதைப் ‘பாண்டிமோனியம்’, அதாவது பேய்க்கூச்சல், என்று அங்கிருந்த வெள்ளையரே கேலி செய்தனர்.

கேலிக்குரியதல்லாத ஒன்று அதில் உண்டு. அந்தத் தீவுகளிற் பிறந்த மக்கள் பிரித்தானியக் குடிகளுமல்லர், பிரஞ்சுக் குடிகளுமல்லர். தாம் பிறந்த மண்ணிலேயே எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவராய், எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். 1980 சூலை 30ஆம் நாள், வோல்டர் லினி என்னும் பாதிரியாரின் தலைமையில், அது வனுவாட்டு என்னும் சுதந்திர நாடாயிற்று. அதன் அரசியலமைப்பில் எழுதப்பட்டிருப்பதை உழவர்கள் மனத்திற் கொள்ளுங்கள்: நாட்டின் நிலம் அனைத்தும் வழக்கப்படி அதற்குரிய சுதேச மக்களுக்கும் அவர்தம் சந்ததியாருக்குமே சொந்தம்.

நாடற்றவர் என்ற சொல் இந்த மண்டபத்தில் ஒலித்தால் எத்தனை முகங்கள் வாடும் என்று எமக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் கையிலிருந்ததைப் பறித்தது. இந்தியா ‘எம்மவர் அல்லர்’ என்றது. இலங்கை ‘எம்மவர் அல்லர்’ என்றது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் இரு பிரதமர்களும் அமர்ந்து கணக்குத் தீர்த்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள். 1974இல் அந்த எச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். நியூ ஹெப்ரிடீசில் இருவர் ஒரு நிலத்தைப் பங்குகொண்டார்கள்; இங்கே இருவர் மக்களையே பங்குகொண்டார்கள். பங்கிடப்பட்டவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. மாத்தளைப் புகையிரத நிலையத்தில் ஒரே லயத்து மக்கள், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்கூட, போவோரும் இருப்போருமாய்ப் பிரிந்து அழுததைக் கண்ட முதியவர்கள் இச்சபையில் இருக்கிறார்கள். அந்த வழக்குத் தீர 1988ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்பின் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வரவேண்டியிருந்தது.

பிரசாவுரிமை வந்தது. நிலம் வந்ததா? இதைச் சொல்லவே இவ்வளவு தூரம் சுற்றி வந்தோம். தோட்ட நிலம் அரசுக்குரியது. சனவசமவும் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அதற்கு உரிமையாளர். 1992இற் கம்பனிகள் வந்தன; நெடுங்காலக் குத்தகையில் நிலம் அவற்றின் கையில் இருக்கிறது. லயத்துக் கூரை ஒழுகினால் தோட்ட அலுவலகம் ‘நிலம் எமதன்று’ என்கிறது; பிரதேச செயலகம் ‘அது கம்பனிக்குக் கொடுத்தாயிற்று’ என்கிறது. தெருவைத் திருத்தக் கேட்டால், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டத்துக்குள் செலவிடத் தடையென்று முப்பது ஆண்டு சொன்னார்கள். 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. திருத்தம் வந்ததை அறியாதவர் போலப் பேசுகிற அலுவலர் இன்னும் உண்டு. 2015க்குப் பின் தனிவீட்டுத் திட்டங்களில் ஏழு பேர்ச்சு நிலம் என்றார்கள். வீடு கிடைத்தும் உறுதி கைக்கு வராதவர்கள் எத்தனையோ பேர். நோர்த்தும் அன்ட்றூசும் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், நம் தோட்டங்களில் இரட்டை ஆட்சி முடியவில்லை.

கிராமத்து உழவர்கள் இதைத் தோட்டத்தவர் வழக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். வன இலாகாவுக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடுவில் அகப்பட்ட காணிக்காரர் உங்களிலும் இருக்கிறீர்கள். சிங்கள அயலவரின் நிலையும் இதுவே. 1797இல் இரு இனத்தாரும் ஒரே வரிக்கெதிராக எழுந்ததை மறக்கலாகாது.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்வோம். விண்ணப்பத்தை ஒருவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். நில உரிமையுள்ள அரச நிறுவனத்துக்கும், குத்தகைக் கம்பனிக்கும், பிரதேச செயலாளருக்கும் ஒரே கடிதத்தை ஒரே நாளிற் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூவருக்கும் அனுப்பியிருப்பதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழியாகச் சொன்ன பதிலைப் பதிலாக ஏற்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ‘இந்த லயம் நிற்கும் காணிக்குப் பொறுப்பானவர் யார், எந்தக் குத்தகையின் எந்த நிபந்தனைப்படி?’ என்று எழுத்தில் கேளுங்கள். பதினான்கு வேலைநாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு உண்டு. அதை எழுதுவது சபையிலிருக்கும் வழக்கறிஞர்கள், ஆசிரியர்களின் வேலை. கட்டணமின்றிச் செய்யுமாறு அவர்களை இங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறோம்.

கடிதத்தின் மாதிரி தமிழிலும் சிங்களத்திலும் மண்டபத்து வாயில் மேசையில் வைக்கப்பட்டிருக்கிறது. காணி பற்றிய தாள்களைக் கொண்டு வந்தவர்கள் இருந்து போகலாம். கடைசிப் பேருந்துக்குப் போகவேண்டிய தோட்டத்து மக்களின் தாள்களை முதலிற் பார்ப்போம்.